கடன் நோட்டில் எழுதாதது

நோனோவுத்தி தீவில் பெண்ணின் பெயருக்கு முன்னால்
நெய் என்று சேர்த்துச் சொன்னால்தான் மரியாதை.
நெய் தபேரா வந்து
என் கடைப் பலகையில் முழங்கை ஊன்றி
"வெண்ணெய்" என்றாள்.

தராவாவிலிருந்து வரவேண்டிய கப்பல்
இயந்திரம் பழுதாகி, இது ஐந்தாவது வாரம்.
அலமாரியில் மிச்சம்:
கொசுவர்த்தி, மீன் டின் ஏழு,
வண்டு விழுந்த மாவு,
யாரும் வாங்காத பச்சை ரிப்பன்.
"இல்லை" என்றேன்.

சொல்லிவிடுகிறேன்:
என் கட்டிலுக்கடியில், சுருட்டிய வலைக்குப் பின்னால்
ஒரு டின் இருந்தது.
நியூசிலாந்துப் பசு படம் போட்டது.
ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கென்று
எனக்கு நானே ஒதுக்கியது.

சனிக்கிழமை அவள் மகன் இயோதேபாவுக்கு முதல் பிறந்தநாள்.
ஒரு வருடத்தைத் தாண்டிய பிள்ளைக்காக
ஊரே மனேபா கூரையின் கீழ் கூடிச் சாப்பிடும்.
நடுவில் கேக் வேண்டும்.
கேக் என்றால் வெண்ணெய்க் கேக்;
மற்றதெல்லாம் இனிப்பு ரொட்டி என்பாள்
தலைமையாசிரியரின் மனைவி.

தபேரா ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே அவள் கணவன்
மழைக்கு முன் கொப்பரை மூட்டைகளை
கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான்.
முப்பத்தொரு மூட்டை. அவையும் கப்பலுக்குத்தான் காத்திருந்தன.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைவார்களாம்.
நாங்கள் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு
வெண்ணெய்க்கு அலைந்தோம்.
எடை போட்டுக் கொப்பரையை ஏற்றுவோம்,
அதே கப்பலிலிருந்து டின்கள் இறங்கும்.
கணக்கு எழுதுகிறவன் நான்.
ஒரு டின்னுக்கு எத்தனை காய் என்று எனக்குத் தெரியும்.
யாரும் கேட்டதில்லை.

வெள்ளி மாலை காற்று
அவள் வீட்டுப் பக்கமிருந்து அடித்தது.
தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை வெயிலில் வடிப்போம்.
இது அடுப்பில் வைத்தது:
தேங்காய்ப்பால் சுண்டி, கசடு சிவந்து,
எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வாசம்.
படுத்திருந்த என் நாய் எழுந்து உட்கார்ந்தது.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்தால்
காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது.
காற்றை முட்டையில்தான் பிடிக்க வேண்டும்.
கிண்ணத்தில் முள்கரண்டி அடிபடும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.
முதலில் வேகமாக, அது தபேரா.
பிறகு தாளம் தப்பி, அது அவள் தங்கை.
கடைசியில் கொத்து வேலை மாதிரி, கணவன்.
வெண்ணெயில் இருந்திருக்கக்கூடிய உப்பை
ஞாபகமாகப் போட்டிருக்கிறாள், ஒரு சிட்டிகை.
உரிமட்டைத் தணல் மேல் பாதியாய் அறுத்த பீப்பாய்:
எங்கள் ஊர் ஓவன் அதுதான்.

மறுநாள் மனேபாவில்
விரலை நக்கியபடி தலைமையாசிரியர் மனைவி சொன்னாள்:
"எங்கிருந்தோ நல்ல வெண்ணெய் கிடைத்திருக்கிறது."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
கடைக்காரன் நான் ஒருவன்தானே.
வாய் நிறைய கேக். தலையை ஆட்டினேன்,
ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும்.
தபேரா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் கண் என்மேல் பட்டதா, தெரியாது.
ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் ஈரம்,
அடியில் லேசான கரிவாடை.
வெட்கமில்லாமல் இன்னொரு துண்டு கேட்டேன்.

அன்றிரவு டின்னைத் திறந்தேன்.
எங்கள் சூட்டில் எதுவும் உறைந்து நிற்காது;
எண்ணெயும் வெண்ணெயும் ஒன்றுபோலத் தளும்பும்.
விளக்கொளியில் ஒரு மஞ்சள் குட்டை.
ரொட்டியைத் தோய்த்துத் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் சங்கடம்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது.
மூட்டைகள் போயின, அட்டைப்பெட்டிகள் இறங்கின.
மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வந்தாள் தபேரா.
நிரப்பினேன், துடைத்தேன், மூடியை இறுக்கினேன்,
மூடியை இன்னொரு முறை இறுக்கினேன்.
"வெண்ணெய் வந்திருக்கு" என்றேன்.

"வரட்டும்" என்றாள்.